மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் மருத்துவரின் பேரேடும்

தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ வாழும் நம்மவர் வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தால், அக்குடும்பம் பெரும்பாலும் நாடுவது பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையையே. 1983 மார்ச் 20ஆம் நாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு, நம் நாட்டின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்ற இடம் அதுதான்.

எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையே இரத்தம் பிறக்கும் ஊற்று. அங்குள்ள மூல உயிரணுக்களை ஸ்டெம் செல் என்பர். நோயுற்ற மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழித்துவிட்டு, பிறரது மூல உயிரணுக்களை இரத்தம் ஏற்றுவது போலவே இரத்த நாளத்தின் வழியே செலுத்துவர். அவை தாமாகவே எலும்புக்குள் சென்று தங்கி, சில வாரங்களில் புது இரத்தம் உண்டாக்கத் தொடங்கும். உடன்பிறந்தார் ஒருவரது மஜ்ஜை முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இம்முறைக்கு வழிகாட்டிய அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும் அபாயங்கள் உள. வந்த அணுக்கள் சில வேளை நோயாளியின் உடலையே தாக்கும். ஆண்டுகள் கழித்து நோய் திரும்புவதும் உண்டு. ஒரே மருத்துவமனை தன் சில நோயாளிகளை மட்டும் கண்டு இவற்றின் காரணத்தை அறிய இயலாது. ஆகவே 1972இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சர்வதேசப் பதிவேடு ஒன்று தோன்றியது. இந்திய மருத்துவர்களும் ஒன்றுகூடித் தமக்கெனத் தேசியப் பதிவேடு ஒன்றைப் பேணி வருகின்றனர்.

இதற்குக் கூர்நோக்கு ஆராய்ச்சி என்று பெயர். ஆராய்ச்சிக்கென்று மருத்துவர் சிகிச்சையை மாற்றுவதில்லை. நோயாளியின் வயது, நோயின் நிலை, கொடுத்த மருந்துகள், நூறாம் நாளிலும் ஓராண்டு முடிவிலும் உடல்நிலை ஆகியவற்றைச் சம்மதம் பெற்று, பெயரை வெளியிடாது எழுதி வைக்கிறார். பிழைத்தவரை எழுதுவது போலவே இறந்தவரையும் எழுதியாக வேண்டும். நஷ்டத்தை மறைத்து லாபத்தை மட்டும் எழுதும் பேரேட்டை நம்பி எந்த வியாபாரியும் கடை நடத்த முடியாதல்லவா?

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வலுவுள்ள நோயாளிகளுக்கே ஒரு சிகிச்சை தரப்பட்டிருந்தால், அதன் பலன் மிகுதியாகத் தோன்றும். எது மேலானது என்று துணிவதற்கு, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்யும் சோதனையே பெரிதும் துணை நிற்கும்.

மூட்டுவலி, பக்கவாதம், ஆட்டிசம் எல்லாவற்றையும் ஸ்டெம் செல் தீர்க்கும் என்னும் விளம்பரங்கள் இன்று மலிந்துள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளோ, இரத்தம் முதலிய சில நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை நீங்கலாக ஏனையவை சோதனை நிலையிலேயே உள்ளன என்றும், சோதனைக்கு உட்படுவோரிடம் பணம் பெறலாகாது என்றும் விதித்துள்ளன.

எனவே, நகையை அடகு வைப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது நிலைபெற்ற சிகிச்சையா, சோதனையா? சோதனையாயின் அரசுப் பதிவு எண்ணும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் எங்கே? இதற்குமுன் சிகிச்சை பெற்றோர் அனைவரின் கணக்கும் எழுதப்பட்டுள்ளதா? நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளார்.