உடற்பருமனும் என்புறுதியும்

பருத்த உடலினர்க்கு உறுதியான என்பு வாய்க்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அது பாதியளவே உண்மையாகும். தான் தாங்கும் சுமைக்கேற்ப என்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் இயல்பினது என்பதை ஜேர்மன் மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஆதலின், பாரத்தைச் சுமக்கும் என்பு அடர்த்தியுறுதல் இயல்பே.

எனினும், கொழுப்பு வெறுஞ் சுமையன்று. வயிற்றறையிற் செறியுங் கொழுப்பிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் சுரக்கின்றன. அவை என்பை அரிக்குங் கலங்களை ஊக்குவிக்கின்றன. என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்கள் என்பாக்குங் கலங்களாகவோ கொழுப்புக் கலங்களாகவோ மாறவல்லன. பின்னவை மிகுந்தால் என்பாக்கங் குன்றும். கல்சியத்தை உடல் ஏற்பதற்கு இன்றியமையாத விற்றமின் டி கொழுப்பிழையத்தில் தங்கிவிடுதலால் குருதியில் அதன் அளவு குறைகின்றது. பருத்த மாதரிடத்து இடுப்பென்பு முறிவு குறைவாயினும் கணுக்கால் முறிவு மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன.

அவ்வாறாயின், பட்டினி கிடந்து மெலிதல் தீர்வாகுமோ? ஆகாது. உணவை மிகக் குறைத்து விரைவில் மெலிவோர் கொழுப்போடு தசையையும் என்பையும் இழப்பர். உடற்பயிற்சியோடு, புரதமுங் கல்சியமுங் குறையாத உணவை உண்டு படிப்படியாக மெலியின் அவ்விழப்புக் குறையும். இதற்கு அரிய பண்டங்கள் வேண்டியதில்லை. 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. பாலும், முள்ளோடு உண்ணப்படும் நெத்தலியும் அதனை நல்குவன.

என்பின் திணிவு ஏறக்குறைய 30 வயதளவில் உச்சத்தை அடைந்து பின்னர் குறையத் தொடங்கும். ஆகவே, முதுமைக்கு வேண்டிய என்பைத் தேடிக்கொள்ளுங் காலம் மாணவப் பருவமேயாகும்.