சேமித்த இணையப் பக்கங்களும் கோப்புப்பெயர்ச் சிக்கலும்: ‘தொல்காப்பியம்’ என்னும் பெயரை முன்வைத்து

முன்னுரை

இணையப் பக்கங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அவற்றைத் தம் கணினியில் சேமித்து வைப்பது இன்று நடைமுறையாகிவிட்டது. மூலப்பக்கம் பின்னர் நீக்கப்படுமாயின், சேமித்த படியே எஞ்சும் சான்றாகும். அதனைச் சில ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது ‘கோப்பு இல்லை’ என உலாவி அறிவிப்பதும், உரை மட்டும் தோன்றிப் படங்கள் மறைவதும் உண்டு. உடனே கோப்பு அழிந்துவிட்டதாகக் கொண்டு அதனை நீக்கிவிடலாகாது. பல வேளைகளில் பிழை உள்ளடக்கத்தில் இல்லை, பெயரில் உள்ளது. ‘தொல்காப்பியம்’ எனப் பெயரிட்ட ஒரு பக்கத்தைக் கொண்டு இதனை விளக்கலாம்.

பெயரின் இரு வடிவங்கள்

ஒருங்குறியில் இச்சொல் 13 குறியீடுகளால் ஆனது. ஆயின், ‘தொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்து இரு குறியீடுகளாகவும் எழுதலாம். பின்னதில் எண்ணிக்கை 14 ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோசின் என்டிஎஃப்எஸ் கோப்பமைப்புக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் இரண்டும் அருகருகே இருக்கவும் கூடும். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்போ பெயர்களைப் பிரித்த வடிவிலேயே பதிந்துவைத்தது. அங்குச் சேமித்த பக்கத்தையும் படங்கள் அடங்கிய அதன் துணைக்கோப்புறையையும் விண்டோசுக்குப் படியெடுக்கும்போது, பக்கத்தினுள் சேர்ந்த வடிவில் எழுதப்பட்ட பெயரும் கோப்புறையின் பிரிந்த வடிவப் பெயரும் பொருந்தாமல் போகலாம். படங்கள் மறைவது இதனாலேயே எனின், கோப்புறையின் பெயரை அழித்துவிட்டு அதே பெயரை மீண்டும் தட்டச்சு செய்வது பெரும்பாலும் போதும். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் அனைத்திற்கும் இது பொருந்தும்.

துண்டாகும் எழுத்துகள்

பக்கங்களைத் தொகுதியாக இறக்கும் ‘டபிள்யூகெட்’ மென்பொருளில் நேர்வது வேறுவகைச் சிக்கல். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். அம்மென்பொருள் தன் இயல்பமைப்பில் 128 முதல் 159 வரையிலான பைட் மதிப்புகளைக் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கருதி, விழுக்காட்டுக் குறியிட்ட எண்வடிவமாக மாற்றும். க, ங, ச, ஞ, ட ஆகியவற்றின் மூன்றாம் பைட் இவ்வெல்லைக்குள் வீழ்கிறது. ண முதலாக வரும் மெய்வரிசை தப்பிவிடுகிறது. எனவே ‘தொல்காப்பியம்’ என்பதில் த, ல, ப, ய, ம ஆகியன நிற்க, ககரமும் ஒகரக் குறியும் புள்ளிகளும் சிதையும். இலக்கணத்துக்கும் இச்சிதைவுக்கும் தொடர்பில்லை. குறியீட்டு அட்டவணையின் வரிசையே காரணம். ‘நோகன்ட்ரோல்’ என்னும் விருப்பத்தேர்வு இம்மாற்றத்தைத் தடுக்கும்.

முன்னரே சிதைந்த பெயர்களைத் திறப்பதில் மற்றொரு தடை உண்டு. தொடுப்பில் விழுக்காட்டுக் குறியைக் கண்ட உலாவி, அடுத்துள்ள இரு இலக்கங்களைப் பைட்டாக மாற்றிப் படிக்கும். வட்டிலுள்ள பெயரிலோ அக்குறி அப்படியே நிற்கும். தொடுப்பில் ‘%’ என்பதனை ‘%25’ என எழுதினால் இரண்டும் பொருந்தும். பெயரில் ‘#’ இருப்பின் அதன் பின்வருவதைப் பக்கத்தின் உட்பகுதியாகவும், ‘?’ இருப்பின் வினவலாகவும் உலாவி கொள்ளும். இவற்றுக்குப் பெயர்மாற்றமே எளிய வழி.

பெயரிடும் முறை

தமிழ் நூற்பெயரைத் தமிழில் எழுதவியலாமை வருந்தத்தக்கதே. எனினும் பல கணினிகளுக்கு இடையே செல்லவேண்டிய கோப்புக்கு உரோமன் சிற்றெழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றாலான பெயரே பாதுகாப்பானது. அப்பெயரைச் சேமிக்கும் வேளையிலேயே இடவேண்டும். துணைக்கோப்புறையின் பெயரைப் பின்னர் மாற்றினால் பக்கத்தினுள் உள்ள தொடுப்புகள் அறுபடும். தமிழ்த் தலைப்பு, மூல முகவரி, பார்த்த நாள் ஆகியவற்றை அதே கோப்புறையில் ஒரு தனி உரைக்கோப்பில் குறித்துவைக்கலாம்.