கதவைத் தட்டும் சர்க்கார்

பத்தடிக்குப் பத்தடி அறை. அதில் எட்டுப் பேர். அடுப்பும் அங்கேதான், பாயும் அங்கேதான். விடிந்தால் பொதுக் கழிப்பிடத்தின் முன் வரிசை. இப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குத் தொத்து நோய் கண்டால், "தனி அறையில் இருங்கள்" என்று புத்தி சொல்வதில் என்ன பயன்?

2020 ஏப்ரல் 1-ந் தேதி மும்பை தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே அவர் இறந்தும் போனார். சுமார் 2.4 சதுர கிலோ மீட்டர் பரப்பில் எட்டரை லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை நெருக்கியடித்து வாழும் இடம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் இடமும் அதுதான். தாராவி என்ன ஆகுமோ என்று மும்பை மட்டுமல்ல, ஊரில் இருந்த உறவுகளும் கலங்கின.

அந்த நாட்களில் எழுந்த ஒரு வாதம் இன்றும் டீக்கடை பெஞ்சில் அவ்வப்போது தலை காட்டும்.

"வைத்தியம் அவனவன் பாடு அண்ணாச்சி. சர்க்கார் எதுக்கு என் வீட்டுக்குள்ளே வரணும்?" என்பார் ஒருவர்.

"உன் வயித்து வலி உன்னோட போகும் தம்பி. உன் இருமல் தெருவுக்கே வருமே!" என்பார் மற்றவர்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இதே வாதம் இதே நகரத்தில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. அன்று டீக்கடையில் அல்ல, நடுத்தெருவில் நடந்தது. ரத்தமும் சிந்தியது.

பிளேக் வந்த பம்பாய்

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் தானியக் கிடங்குகள் அதிகம். கிடங்கு இருந்தால் எலி. எலி இருந்தால் தெள்ளுப்பூச்சி. ஆனால் எலியின் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்பது அன்று ஊர்ஜிதமாகவில்லை. அழுக்கும் கெட்ட காற்றும்தான் காரணம் என்று பலர் நம்பினர்.

வெள்ளைக்கார சர்க்கார் செய்தது என்ன? வீடு வீடாகச் சோதனை. நோயாளிகளைக் கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குடும்பத்தாரை முகாமில் அடைத்தார்கள். ரயிலில் பிரயாணிகளை நிறுத்திப் பரிசோதித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்புவதில்லை என்ற பீதி பரவியது. 1896 அக்டோபரில் சுமார் ஆயிரம் மில் தொழிலாளர்கள் திரண்டு சென்று ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். லட்சக்கணக்கானோர் நகரை விட்டே ஓடினார்கள். ஓடியவர்களோடு நோயும் ஓடியது.

1897 பிப்ரவரியில் தொற்று நோய்கள் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட சின்னஞ்சிறு சட்டம். அதிகாரியின் உத்தரவை மீறினால் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குப் போட முடியாது. ஜனங்களுக்குச் சர்க்கார் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அதில் ஒரு வரி கூட இல்லை!

பூனாவில் வீடுகளைச் சோதிக்கப் பட்டாளத்தையே இறக்கினார் பிளேக் அதிகாரி ராண்ட். சமையலறைக்குள்ளும் பூஜை அறைக்குள்ளும் சிப்பாய்கள் நுழைந்ததாக ஊரே கொதித்தது. 1897 ஜூன் 22-ந் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். 1898 மார்ச்சில் பம்பாயிலும் கலகம் மூண்டது.

அடி வாங்கிய பிறகுதான் சர்க்கார் பாடம் படித்தது. அந்தந்த சமூகத்தார் தங்கள் ஆட்களுக்கென ஆஸ்பத்திரிகள் நடத்த அனுமதி கிடைத்தது. உள்ளூர்ப் பெரியவர்களின் துணை நாடப்பட்டது. கட்டாயம் படிப்படியாகத் தளர்ந்தது. பம்பாயிலேயே பிளேக் தடுப்பூசியைத் தயாரித்த ஹாஃப்கின், 1897 ஜனவரி 10-ந் தேதி முதல் ஊசியைத் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டவர். "நீ போட்டுக்கொள்" என்று ஊருக்குச் சொல்லும் முன் தான் போட்டுக்கொண்டார். அவர் பெயரில் இன்றும் பரேலில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் பிளேக்குக்குப் பலியானவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

அதே சட்டம், வேறு கை

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மாநில அரசுகள் கையில் எடுத்தது அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். 1896-ல் தாக்கப்பட்ட ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிதான் இன்றைய கஸ்தூர்பா ஆஸ்பத்திரி. மும்பையின் முதல் கொரோனா நோயாளிகள் சேர்க்கப்பட்டதும் அங்கேதான்.

ஆனால் தாராவியில் கதவைத் தட்டிய கை வேறாக இருந்தது. மாநகராட்சி ஊழியர்களுடன் உள்ளூர்த் தனியார் டாக்டர்களும் கவச உடை அணிந்து சந்து சந்தாக நடந்தார்கள். காய்ச்சலுக்கு வழக்கமாக மருந்து வாங்கும் அதே டாக்டர் வாசலில் நின்றால் யார்தான் கதவைச் சாத்துவார்கள்? அந்த ஏப்ரலில் மட்டும் அவர்கள் பரிசோதித்தவர்கள் சுமார் 47,500 பேர்.

வீட்டில் தனிமைக்கு இடமில்லை என்பதை மாநகராட்சி ஒப்புக்கொண்டது. விளையாட்டு அரங்கமும் பள்ளிக்கூடங்களும் தனிமை முகாம்களாயின. அங்கே படுக்கை, சாப்பாடு, மருந்து எல்லாம் இலவசம். பத்தில் எட்டுப் பேர் நம்பியிருந்த பொதுக் கழிப்பிடங்களை நாளுக்குப் பல முறை மருந்து தெளித்துக் கழுவினார்கள். அடைக்கப்பட்ட தெருக்களுக்கு உணவுப் பொட்டலங்கள் போயின.

மே மாதத்தில் ஒரே நாளில் 94 பேருக்கு நோய் கண்டது. ஜூலை 7-ந் தேதி கண்டது ஒருவருக்கு மட்டுமே. ஜூலை 10-ந் தேதி உலக சுகாதார நிறுவனத் தலைவர் தாராவியை உதாரணமாகக் குறிப்பிட்டுப் பேசினார். டிசம்பர் 25-ந் தேதி புதிதாக ஒருவருக்கும் நோய் இல்லை.

எல்லாப் புகழும் மாநகராட்சிக்கே என்று சொல்லிவிட முடியாது. பெருந்திரளானோர் அதற்குள் சொந்த ஊர் திரும்பிவிட்டார்கள். பலருக்கு நோய் தெரியாமலே வந்து போயிருக்கலாம். மும்பையின் மூன்று வட்டாரங்களில் அந்த ஜூலையில் ரத்தம் சோதித்தபோது, குடிசைப் பகுதியினரில் நூற்றுக்கு 57 பேருக்கும், மற்றவர்களில் 16 பேருக்கும் நோய் தொட்டுச் சென்ற அடையாளம் இருந்தது. இடநெருக்கடி எப்படிப்பட்ட சத்துரு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உத்தரவு மட்டும் போதுமா?

இதே 2020-ல் மறுபக்கமும் உண்டு. மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து நாடு முழுதும் ஊரடங்கு. இடையில் நான்கு மணி நேரம். தினக்கூலிக்காரன் என்ன சாப்பிடுவான், வாடகைக்கு எங்கே போவான் என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் விடை இல்லை. ஏப்ரல் 14-ந் தேதி பாந்திரா ரயில் நிலையம் அருகே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பச் சொல்லித் திரண்டார்கள். தடியடிதான் பதிலாகக் கிடைத்தது. மே 8-ந் தேதி அவுரங்காபாத் அருகே, நடந்தே ஊர் திரும்பிய களைப்பில் தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டார்கள்.

ஆக, ஒரே நோய், ஒரே ஆண்டு. உத்தரவோடு சோறும் படுக்கையும் போன இடத்தில் ஜனங்கள் ஒத்துழைத்தார்கள். உத்தரவு மட்டும் போன இடத்தில் தெருவுக்கு வந்தார்கள்.

"தனியாரிடம் விட்டுவிடலாமே" என்பாரும் உண்டு. 2020 மே மாதத்தில் மராட்டிய அரசு, தனியார் ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் நூற்றுக்கு 80-ஐத் தன் கட்டுப்பாட்டில் கொண்டு வந்து, கட்டணமும் நிர்ணயித்தது. சாதாரண வார்டுக்கு நாளைக்கு 4,000 ரூபாய். தீவிர சிகிச்சைக்கு 7,500. செயற்கைச் சுவாசக் கருவியும் சேர்ந்தால் 9,000. இது கட்டுப்படுத்தப்பட்ட கட்டணம்! மாதம் 15,000 ரூபாய் வாங்கும் குமாஸ்தா இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் படுத்தால் மாதச் சம்பளம் தீர்ந்தது. சர்க்கார் ஒதுங்கிக்கொண்டால் ஏழையின் கதி என்ன என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அதற்காக எதையும் கட்டாயப்படுத்தலாமா? 2022 மே 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட் இதற்கு விடை சொன்னது. தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி எவரையும் வற்புறுத்த முடியாது. ஆனால் ஊர் நலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளைச் சர்க்கார் விதிக்கலாம் என்பது தீர்ப்பு. பெஞ்சில் வாதாடும் தம்பிக்கும் பாதி வெற்றி, அண்ணாச்சிக்கும் பாதி வெற்றி!

வெளியூரில் பிழைக்கும் தமிழருக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரியும் அரசியல் சட்டப்படி மாநிலத்தின் பொறுப்பு. ஆள் இருப்பது மும்பையில், ரேஷன் கார்டு இருப்பது திருநெல்வேலியில் என்றால் நெருக்கடி நாளில் அரிசி யார் தருவது? 2021 ஜூன் 29-ந் தேதி, "ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு" திட்டத்தை எல்லா மாநிலங்களும் ஜூலை 31-க்குள் அமல்படுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. கார்டை ஆதாருடன் இணைத்துவிட்டால் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிய அரிசியை வெளி மாநிலத்திலும் வாங்கலாம். ஊரில் கிடக்கும் கார்டில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வைப்பது நோய் வந்த பிறகு செய்யும் வேலை அல்ல.

சர்க்காருக்கும் அதே விதிதான். சாதாரண நாளில் மாநகராட்சி மருந்தகத்தில் டாக்டர் இருக்க வேண்டும், காய்ச்சலுக்கு மாத்திரை இருக்க வேண்டும், கழிப்பிடத்தில் தண்ணீர் வர வேண்டும். அப்படி இருந்தால், கொள்ளை நோய் வரும் நாளில் அந்த மருந்தகத்து ஆள் வந்து தட்டும்போது கதவு தானாகத் திறக்கும்.