பன்னீரில் தங்கும் ரோஜா மணம்

ரோஜாப் பூவை வாலையிலிட்டு வடிப்போர், மேலே மிதக்கும் தைலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியில் நிற்கும் ஜலத்தைக் கொட்டிவிடுவது பெரும் நஷ்டமாகும்.

ரோஜா மணத்திற்குக் காரணமான பொருள்களுள் முக்கியமானதொன்று பீனைல் எதைல் ஆல்கஹால் என்பது. இது நிறமற்ற திரவம். சுமார் 219 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். காரத்தில் எளிதில் கெடாதாகையால் வாசனைச் சோப்புகளில் மிகுதியும் சேர்க்கப்படுகிறது. ரோஜாத் தைலத்திலுள்ள ஜெரானியால் முதலியவை ஜலத்தில் மிகச் சொற்பமாகவே கரையும். இதுவோ 100 பங்கு ஜலத்தில் ஏறக்குறைய 2 பங்கு கரையும். ஆகவே நீராவியோடு வெளிவரினும், பெரும்பகுதி தைலத்தில் சேராமல் வடிநீரிலேயே தங்கிவிடுகிறது. அவ்வடிநீரே பன்னீர். வடிக்காமல், கரைப்பான் கொண்டு எடுக்கும் ரோஜாச் சாரத்தில் இது பாதிக்கு மேல் இருக்க, வடித்த தைலத்தில் நூற்றுக்குச் சில பங்கே காணப்படும்.

ஒரு கிலோ தைலத்திற்கு 3,000 கிலோ அளவில் பூ வேண்டும். ஆதலால் பல்கேரியா தேசத்தில் வடிநீரை மறுபடியும் வடித்து, அதிலுள்ள தைலத்தைப் பிரித்தெடுக்கின்றனர். வட இந்தியாவில் கன்னோசி நகரில் பன்னீரும் விலைச்சரக்கே.

பூவை விடியற்காலையில் பறித்து அன்றே வடித்தல் வேண்டும். பன்னீரைச் சுத்தமான கண்ணாடிப் பாத்திரங்களில், வெயில் படாமல் மூடி வைப்பது நலம். தைலத்தின் எடையை மட்டும் கொண்டு ரோஜாத் தோட்டத்தின் வரும்படியைக் கணக்கிடலாகாது.