கோப்பிக்கடையில் கற்ற மொழி

ஒரு மொழியை இலக்கண நூலை வைத்துக்கொண்டு கற்பது ஒரு வழி. அந்த மொழி வழங்கும் ஊரிலேயே போய்க் குடியிருந்து, கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் வாடகை அறையிலும் அதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்வது இன்னொரு வழி. நீச்சலைக் கரையிலிருந்து படிப்பதற்கும் குளத்தில் இறங்கிப் பழகுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இரண்டாவது வழியில் ஸ்பானிய மொழியைக் கற்ற ஓர் எழுத்தாளரின் கதையை இன்று பார்ப்போம், நேயர்களே. அவர் தாமாக விரும்பிக் குளத்தில் இறங்கியவர் அல்லர். காலம் அவரைத் தள்ளிவிட்டது.

விற்றோல்ட் கொம்ப்ரோவிச் 1904இல் போலந்தில் பிறந்தவர். 1937இல் வெளிவந்த 'ஃபெர்டிடுர்க்கே' என்னும் நாவலால் தம் நாட்டில் பேசப்பட்டவர். 1939 ஓகஸ்டில், 'ஹ்ரோப்ரி' என்ற புதிய கப்பலின் முதற் பயணத்தில் விருந்தினராக ஆர்ஜென்டீனாவின் தலைநகர் புவனோஸ் அயர்ஸ் வந்திறங்கினார். சிறிது நாள் தங்கித் திரும்புவதே எண்ணம். ஆனால் செப்டெம்பர் முதலாந் திகதி ஜேர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. கப்பல் போயிற்று, அவர் நின்றுவிட்டார். சில வாரப் பயணம் என்று வந்தவர் 1963 வரை, ஏறத்தாழ 24 ஆண்டுகள், அந்த நகரத்திலேயே வாழ்ந்தார்.

வந்திறங்கியபோது அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. பிரெஞ்சு தெரியும். படித்தவர்களோடு பிரெஞ்சிலே பேசிச் சமாளித்திருக்கலாம். போலந்து நாட்டவர் கூட்டத்துக்குள்ளேயே காலத்தைக் கழித்திருக்கவும் கூடும். பிறநாட்டு நகரங்களில் வாழ்வோர் பலர் ஆண்டுக்கணக்கில் இருந்தும் மொழி பிடிபடாமல் போவது இதனால்தான். ஊரில் இருப்பது வேறு, ஊரோடு இருப்பது வேறு. கொம்ப்ரோவிச்சின் கையிலோ காசில்லை. மலிவான அறைகளில் தங்கினார். ரெத்திரோ புகையிரத நிலையப் பகுதியில் சாதாரண இளைஞர்களோடு சுற்றினார். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே அவர்களின் மொழிக்கு அவர்தான் போகவேண்டியிருந்தது.

அவர் காதில் விழுந்தது பாடநூல் ஸ்பானியம் அன்று. தெருவைக் குறிக்கும் சொல்லைப் பிற இடங்களில் 'காயே' என்பார்கள். புவனோஸ் அயர்ஸ்காரர் 'காஷே' என்பார்கள். வேலைக்கு நூலிலே உள்ள சொல் 'த்ரபாஹோ'. தெருவிலே கேட்பது 'லபுரோ'. இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த சொல் அது. இப்படிப்பட்ட சொற்கள் திரண்ட வழக்குக்கு 'லுன்ஃபார்தோ' என்று பெயர். இவற்றை அகராதியில் தேடுவதைக் காட்டிலும் ஆளிடம் கேட்பதே எளிது.

முன்னிலைச் சொல்லையும் பாருங்கள். நெருக்கமானவரைப் பாடநூல் 'தூ' என்று விளிக்கச் சொல்லும். புவனோஸ் அயர்ஸில் 'வோஸ்' என்பார்கள், மரியாதைக்கு 'உஸ்தேத்'. 'வோஸ்' வந்தால் வினைமுற்றும் மாறும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படிகள் உண்டு. யாரிடம் எந்தப் படியில் நிற்பது என்பதை நாம் எந்தப் புத்தகத்தில் படித்தோம்? பிழையாகச் சொன்ன அன்று எதிரே நின்றவரின் முகம் மாறிற்று. அந்த முகந்தான் பாடம். மூழ்கிக் கற்பதன் அடிப்படையே இதுதான்.

தமிழ் பேசுகிறவருக்கு ஸ்பானியம் சில இடங்களில் அயலாகவே தோன்றாது. 'ஆப்லோ' என்ற ஒரே சொல் 'பேசுகிறேன்' என்று பொருள் தரும். 'நான்' என்பது வினையின் விகுதியிலேயே அடங்கிவிடும், நம் மொழியைப் போல. 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் 'எனக்குக் கோப்பி பிடிக்கும்'. ஆங்கிலத்தின் வழியே வருகிறவர் இங்கே தடுமாறுவார்; நான்காம் வேற்றுமையில் பழகிய நமக்கு அது இயல்பு.

கடினமான இடங்களும் உண்டு. நிலையான தன்மையைச் சொல்ல ஒரு வினையும், அப்போதைய நிலையைச் சொல்ல வேறொரு வினையும் அங்கே உள்ளன. 'எஸ்தோய் அபுர்ரிதோ' என்றால் 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது'. வினையை மாற்றி 'சோய் அபுர்ரிதோ' என்றுவிட்டால் 'நான் சலிப்பூட்டும் ஆசாமி' என்றாகிவிடும். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்த வேறுபாடு மறக்கவே மறக்காது.

சிரிப்புக்கு ஆளாவது வளர்ந்த மனிதருக்கு எளிதன்று. தம் மொழியில் வாதாடத் தெரிந்தவர், புது மொழியில் பாண் வாங்கவும் திக்குகிறார். ஒரு நாளிலே மீண்டும் குழந்தையாகிவிடுகிறார். இதில் ஒரு விந்தை உண்டு. 'ஃபெர்டிடுர்க்கே' நாவலின் நாயகன் முப்பது வயதுக்காரன். பிடித்து இழுத்துச் செல்லப்பட்டு மறுபடியும் பள்ளிக்கூடத்து வாங்கில் உட்காரவைக்கப்படுபவன். தாம் கற்பனை செய்து எழுதியதை இரண்டே ஆண்டுகளில் ஆசிரியரே வாழவேண்டி வந்தது.

அந்த நாவலே அவருக்கு மொழிப்பள்ளியும் ஆயிற்று. கொரியெந்தஸ் வீதியில் 'ரெக்ஸ்' என்றொரு கோப்பிக்கடை. அங்கே சதுரங்க மண்டபத்தை நடத்தியவர் பவுலினோ ஃபிரிட்மன். 1939 சதுரங்க ஒலிம்பியாட்டில் போலந்துக்காக விளையாட வந்து, அதே போரினால் அங்கேயே தங்கிவிட்டவர். அந்த மேசைகளைச் சுற்றி 1946இல் ஒரு கூட்டம் சேர்ந்தது. கொம்ப்ரோவிச் தம் நாவலைத் தமக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானியத்தில் எழுதிக்கொண்டு வருவார். நண்பர்கள் வாக்கியம் வாக்கியமாக அதைத் திருத்துவார்கள். கியூபா எழுத்தாளர் வேர்ஹீலியோ பின்யேரா அந்தக் குழுவுக்குத் தலைவர். அவர்களில் பெரும்பாலோருக்குப் போலந்து மொழி தெரியாது. மூலத்தை அறிந்தவருக்கு ஸ்பானியம் போதாது. ஸ்பானியம் அறிந்தவர்களுக்கு மூலம் தெரியாது. 'இதுவா நீர் சொல்ல நினைத்தது?' என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு சொல்லும் நிலைபெற்றிருக்கவேண்டும். 1947இல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், ஒரு புத்தகக்கடையில், கவிஞர்களைச் சாடி அவர் ஸ்பானிய மொழியிலேயே உரை நிகழ்த்தினார். கடையில் பண்டம் கேட்கத் தெரியாமல் வந்திறங்கியவர், எட்டே ஆண்டுகளில், அந்த ஊர்க் கவிஞர்களோடு அவர்கள் மொழியிலேயே சண்டைபிடித்தார். மொழி வந்துவிட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமோ!

ஆனால் ஒன்றையும் மறைக்கலாகாது. தம் முக்கிய நூல்களை அவர் இறுதிவரை போலந்து மொழியிலேயே எழுதினார். 1953இல் வெளிவந்த 'ட்ரான்ஸ் அட்லாந்திக்' நாவலும், புகழ்பெற்ற நாட்குறிப்பின் பெரும்பகுதியும் புவனோஸ் அயர்ஸில் இருந்துகொண்டு தாய்மொழியில் எழுதப்பட்டவையே. ஊரில் மூழ்கினால் வாழ்வதற்கு ஒரு மொழி கிடைக்கும். அதனால் தாய்மொழி கரைந்துபோக வேண்டியதில்லை.

1963இல் மேற்கு பேர்ளினுக்குப் போன கொம்ப்ரோவிச், ஆர்ஜென்டீனாவுக்கோ போலந்துக்கோ பின்னர் திரும்பவேயில்லை. 1969இல் பிரான்சில் காலமானார்.

அவர் வாழ்வு காட்டும் பாடம் எளியது. புது மொழியைக் கற்க அந்த ஊருக்குப் போவது மட்டும் போதாது. தினமும் போய் உட்கார ஒரு மேசை வேண்டும். அந்த மேசையில் நம் பிழையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, 'இன்னொரு தரம் சொல்லும்' என்று பொறுமையோடு காத்திருக்க நாலு பேரும் வேண்டும்.