உங்களுக்குத் தெரியுமா? வழிவழியாய் வரும் புற்று

● 1895. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் நிபுணர் ஆல்ட்ரெட் வார்தின். தனக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் வாடிய முகத்தோடு இருப்பதைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். தன் வீட்டில் வயிறு, குடல், கர்ப்பப்பை என்று புற்று வந்தே பலரும் செத்துப்போவதையும், தனக்கும் அதே கதிதான் என்பதையும் சொன்னாள் அவள். அப்படியே ஆயிற்று, கர்ப்பப்பைப் புற்று அவளைக் கொண்டுபோனது. வார்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தோண்டி 1913இல் வெளியிட்டார். பின்னாளில் அதைக் கையில் எடுத்தவர் ஹென்றி லின்ச். நோய்க்கு இன்று 'லின்ச் சின்ட்ரோம்' என்றே பெயர். அந்தக் குடும்பத்தின் எம்எஸ்எச்2 மரபணுவில் இருந்த பழுது 2000இல்தான் பிடிபட்டது. தையல்காரப் பெண் தன் வீட்டுச் சாவுகளை எண்ணியே கண்டுகொண்டதற்கு அறிவியலின் சாட்சி கிடைக்க 105 ஆண்டுகள்!

● பிறக்கும்போதே கூட வருவது புற்று அல்ல, பழுதான மரபணு. அநேகமாக ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டிரண்டு: அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால், மற்றதும் ஏதோ ஒரு செல்லில் கெடும்போது ஆபத்து தொடங்குகிறது. 48 குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து 1971இல் இதைச் சொன்னவர் ஆல்ஃபிரட் நட்சன். ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாக மின்னுகிறதா? அது இந்தப் புற்றின் அறிகுறியாக இருக்கலாம்; தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

● மொத்தப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை 5 முதல் 10 சதவீதம்தான்.

● மார்பகப் புற்றுக்கு வழிவிடும் பிஆர்சிஏ மரபணுப் பழுது அப்பா வழியிலும் வரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்! தனக்கு ஒன்றும் இல்லாத அப்பாகூட மகளுக்கோ மகனுக்கோ அதைக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. ஆகவே அத்தைக்கு வந்த நோயையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

● இயற்கையான மரபணு யாருக்கும் காப்புரிமைச் சொத்து ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. வழக்கு, இதே பிஆர்சிஏ பற்றியதுதான்.

● "வயித்துல கட்டி, போயிட்டாங்க" என்று பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 50 வயதுக்குள் வந்தவர்களின் பெயரைத் தனியே குறியுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.