காவிரி மண் – 6: மணல் ஆற்றில், களி குளத்தில்

குடகிலும் நீலகிரியிலும் பாறை மக்குவதைப் போன வாரம் பார்த்தோம். மழைநீர் பட்டுப் பட்டு, பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களியாக மாறுகிறது. குவார்ட்ஸ் மட்டும் மக்காமல் மணலாக மிஞ்சுகிறது. இரண்டையும் சுமந்துகொண்டு சுமார் 800 கிலோமீட்டர் ஓடிவந்து, பூம்புகாரில் கடலைத் தொடுகிறது காவிரி.

ஆனால் அந்த முகத்துவாரத்தில் நின்று களிமண் தேடினால் ஏமாற்றம்தான். கண்ணுக்கெட்டிய வரை மணல். ஏன் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் வயல்மண் ஒரு பிடி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். களித்துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. பத்து சென்டிமீட்டர் இறங்கவே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுநாளும் தண்ணீர் கலங்கியே இருக்கும். இப்போது கொஞ்சம் உப்பைப் போடுங்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வேகமாக இறங்கும்.

ஆறும் இதைத்தான் செய்கிறது. ஓட்டம் இருக்கும் இடத்தில் மணல் மட்டும் தங்கும். வெள்ளம் கரைபுரண்டு, வயலிலும் பள்ளத்திலும் நாள்கணக்கில் தேங்கினால்தான் களி படியும். உப்புநீர் கலக்கும் கழிமுகத்திலும் அது திரளும்; ஆனால் அலையில்லாத உப்பங்கழியாக இருக்க வேண்டும். வடக்கே பிச்சாவரத்துச் சதுப்பு அப்படிப்பட்ட இடம். பூம்புகார்க் கரையில் அலை அலசிக்கொண்டே இருப்பதால் களி நிற்பதில்லை.

ஆகவே கடலுக்கு முதுகைக் காட்டி, மேலையூர், கீழையூர் பக்கம் நடக்க வேண்டும். கோடையில் வற்றிய குளத்தின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தால் அங்கே களி உண்டு. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் கனிமம் டெல்டா மண்ணில் அதிகம். ஒரு கை ஈரமண்ணை எடுத்துத் திரிபோல உருட்டி வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் நல்ல களி.

டெல்டாவில் பாறை கிடையாது. கட்ட வேண்டியதில் பெரும்பாலானதை மண்ணைச் சுட்டே கட்டினார்கள். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது வெளிப்பட்டது ஒரு செங்கல் படகுத்துறை. அங்கு கிடைத்த மரத்தூணின் காலம் ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அன்று படகு வந்துபோன நீர்வழியை இன்று மண் மூடிவிட்டது. அருகிலுள்ள பல்லவனேச்சரத்தில் வெளிப்பட்ட புத்த விகாரமும் செங்கல்தான்.

இந்தக் களி இனிமேல் அதே அளவில் வந்து சேரப்போவதில்லை என்பதே என் கவலை. 1934இல் மேட்டூர் அணை எழுந்ததிலிருந்து மலைமண்ணில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடுகிறது. நம் வயலில் இருப்பது பழைய வெள்ளங்கள் போட்ட இருப்பு. அந்த மேல்மண்ணைச் சூளைக்கு விற்றுவிடாதீர்கள். மண் வேண்டுமென்றால் குளத்தைத் தூர்வாருங்கள். ஏரி, குளங்களில் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டலும் களியும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள, 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம்.